ஒடியாக்காரர் வீட்டுத் தெரட்டிச் சீர்

எங்கள் தெருவில் யாராவது என் லைன் வீட்டு ஆட்களை ‘இந்திக்காரங்க’ என்று சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அவர்கள் ஒடியாக்காரர்கள். இந்தி அவர்களுக்கே தட்டுத் தடுமாறித்தான் வரும். இதைப் பால் ஊற்றுகிறவரிலிருந்து வார்டு மெம்பர் வரை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. “அதென்னமோ போங்க பாயம்மா, எல்லாம் வடக்கத்தானுங்களே” என்பார்கள். எங்களையே இன்னும் சிலர் உருதுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒருத்தருக்கும் உருதில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. அந்த எரிச்சலும் என் கோபத்தில் சேர்ந்திருக்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு போகிற பஸ் தடத்தில் எங்கள் ஊர். எங்கு திரும்பினாலும் தறிப்பட்டறை. எங்கள் ஊர்ப் பையன்களை ரிக் வண்டிக்காரர்கள் போர்க்கிணறு போட ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் காலேஜ் படித்துவிட்டுத் தறிப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அப்புறம் தறியை யார் ஓட்டுவது? ஒடிசாவிலிருந்து ஆள் வந்தது. முதலில் ஒண்டிக்கட்டைகளாக வந்தார்கள். பிறகு பெண்டாட்டியைக் கூட்டிவந்தார்கள். என் மாமனார் கட்டிப்போட்ட லைன் வீடுகள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. முன்பக்கம் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். எனவே அவர்கள் பிளவுஸும் என்னிடம்தான், வாடகையும் என்னிடம்தான், சண்டையும் என்னிடம்தான்.

சண்டை என்றால் சின்னச் சின்னச் சண்டைகள். கடுகெண்ணெய் காயவைத்தால் என் கடைக்குள் இருக்கிற சட்டைத்துணியெல்லாம் நாறும். ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிய தண்ணீரைப் பாதையில் ஊற்றிவிடுவார்கள். ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவன் தூங்கும்போது பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவன் பஜனைப் பாட்டைப் போனில் அலறவிடுவான். நான் போய் நின்று கத்துவேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். மறுநாள் ஒரு கிண்ணத்தில் கீரைக் கடைசல் வரும். தறிச் சத்தத்துக்கு நடுவே வாழ்கிறவர்களுக்குக் குரல் கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும். என் குரலும் அப்படித்தான்.

மூன்றாவது வீட்டில் இருந்தது ஒரு புருஷன், பெண்டாட்டி, ஒரே மகள். அந்தப் பெண் எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பிரசவத்துக்குத் துணைக்குப் போனது நான்தான். பிளவுஸ் வெட்டிய மிச்சத் துணியில் அவளுக்கு முதல் சட்டை தைத்ததும் நான்தான். பேச்சு வந்தபோது அவளுக்கு எங்கள் தெருத் தமிழ்தான் வந்தது. அம்மாவோடு ஒடியா, வாசலைத் தாண்டினால் “ஏனுங் மாமி, ஊட்டுல இருக்கீங்களா?”

வாயென்றால் அப்படி ஒரு வாய் அவளுக்கு. லைன் வீட்டுப் பெண்களுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றால் இவளைத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். “டாக்டருங்க, இந்தக்காவுக்கு வயித்துக்குள்ள எலி ஓடற மாதிரி இருக்குதாமுங்க. அது பொய், இது நேத்து கருவாடு தின்னுச்சு” என்று சேர்த்தே சொல்லிவிட்டு வருவாள். என் கடைக்கு வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவாள். அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற ஒரு வாத்தியாரம்மாவை அவள் நடித்துக் காட்டியதில் நான் கத்திரியைக் கீழே போட்டுச் சிரித்திருக்கிறேன். கடைப் பலகையில் இருக்கிற என் போன் நம்பரை ராகம் போட்டுப் பாடி வைத்திருந்தாள். படிப்பு சுமார்தான். கணக்கு சுத்தமாக வராது. ஆனாலும் பள்ளிக்கூடம் என்றால் உயிர்.

அவள் அம்மாவுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். மகள் பன்னிரண்டாவது முடிக்க வேண்டும். அதுவரை ஒடிசாவில் ஊர்ப்பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது. பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்க மத்தியான வேளைகளில் வந்து உட்காருவாள். அப்போதுதான் தனக்குத் தெரிந்த பாதித் தமிழில் சொன்னாள், நான் நிரப்பிச் சொல்கிறேன். அங்கே புருஷனுடைய அண்ணன் இருக்கிறார். குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நிலபுலம் உள்ள ஒரு வீட்டுக்கு இந்தப் பெண்ணைத் தருவதாக எப்போதோ வாய் வார்த்தை கொடுத்துவிட்டார். பெண் வயசுக்கு வந்ததும் கல்யாணம். இவளுக்கும் அந்த வயதில்தான் நடந்தது. “சின்னப் புள்ளை, இன்னும் சின்னப் புள்ளைன்னே சொல்லிட்டு இருக்கேனுங்க பாயம்மா. போட்டோ கூட பழசத்தான் அனுப்பறேன்” என்றாள். நல்ல வேலை செய்கிறாய் என்று நான் சொன்னேன்.

மகள் எட்டாவது படிக்கும்போது பெரிய மனுஷி ஆனாள். அவர்கள் பக்கத்தில் இதை வெளியே மூச்சுவிட மாட்டார்களாம். ஏழு நாள் ஒரு மூலையில் திரை கட்டி உட்காரவைப்பார்கள். அப்பன் உட்பட எந்த ஆம்பளையும் முகம் பார்க்கக் கூடாது. தாய்மாமன் பார்ப்பது அதைவிடக் கூடாது. இவள் அம்மா அப்படியே செய்தாள். காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாள். என் கடைக் கதவைச் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க காதோட இருக்கட்டுங்க” என்றாள்.

என் காதோடு இருந்து என்ன பிரயோஜனம்? பெண்ணின் வாயோடு இருக்க வேண்டுமே. அவளே கூடப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கம் இது ஊரைக் கூட்டிச் செய்கிற விசேஷம். தெரட்டிச் சீர் என்பார்கள். மண்டபம், பந்தி, தாய்மாமன் தட்டு வரிசையோடு மேளம் கொட்டி வருவது, பெண்ணுக்குப் பட்டு, நகை, தலை நிறையப் பூ. மூன்று நாள் கழித்துப் பெண் கை நிறைய வளையலோடு பள்ளிக்கூடம் போவாள். அவ்வளவுதான், வேறொன்றும் ஆகாது. அவள் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஆகியிருந்தது. “எனக்கு மட்டும் எதுக்குங் மாமி இல்ல? நான் என்ன பாவம் பண்ணுனேன்?” என்று திரைக்குள்ளிருந்தே கத்தினாள்.

அப்பன்காரனுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டிருக்கிறது. இத்தனை வருஷமாக முதலாளி வீட்டுச் சீர், மேஸ்திரி வீட்டுச் சீர், கூடத் தறி ஓட்டுகிறவன் வீட்டுச் சீர் என்று எல்லாவற்றுக்கும் சட்டைக்கு இஸ்திரி போட்டுப் போய் இலை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவன். ஒருமுறைகூட அவன் யாரையும் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று சொன்னதில்லை. “நானும் இந்த ஊருக்காரன் தானுங்களே பாயம்மா” என்று என்னிடம் வந்து நின்றான். பெண்டாட்டி ஒரு நாள் முழுக்க அழுதாள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஒடிசாவில் ஒரு குஞ்சுக்குத் தெரியக்கூடாது. அவன் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

சீர் நடந்தது. இப்போதும் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் லைன் வீடு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. முக்கில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘எங்கள் வீட்டு இளவரசியின் பூப்புனித நீராட்டு விழா’. கீழே படத்தில் தறிக்கார ஒடியாப் பையன்கள் அத்தனை பேரும் கூலிங்கிளாஸ் போட்டு வரிசையாக நின்றார்கள். அதில் இருந்த தமிழை அவர்களில் ஒருவனுக்கும் படிக்கத் தெரியாது. பாவாடை தாவணி நான் தைத்தது. தெருக் கவுண்டர் வீட்டுப் பெண்கள் வந்து நலுங்கு வைத்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள். ஒருத்தி என் காதில், “பாருங்க, நம்ம புள்ள மாதிரியே இருக்குது” என்றாள். நம்ம புள்ளைதான், வேறென்ன என்று எரிந்து விழுந்தேன்.

தாய்மாமன் ஒருவன் இருந்தான். அம்மாவின் தம்பி, ரிக் வண்டியில் குழாய் தூக்குகிறவன். வண்டி சர்வீசுக்குத் திருச்செங்கோடு வந்திருந்த நேரம். அவனைப் பிடித்து வந்து கரை வேட்டி கட்டி, மாலை போட்டு, தலையில் உருமால் சுற்றி, தட்டு ஏந்தவைத்தார்கள். முதலில் அவன் மிரண்டு போனான். அக்காள் மகளின் முகத்தைப் பார்க்கவே கூசினான். அப்புறம் மேளம் அடித்ததும், எல்லாரும் “மாமன் வந்தாச்சு, வழி உடுங்க” என்று ஒதுங்கி நின்றதும், அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவனுக்கு யார் வழிவிட்டார்கள்? யார் மாலை போட்டார்கள்? பெண்ணின் அம்மா மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றாள்.

அப்பன்காரன் தன் கூட்டாளிகள் ஒவ்வொருவரிடமும் போய்ப் படம் அனுப்பாதே என்று கெஞ்சியிருக்கிறான். எல்லாரும் சொன்னபடி கேட்டார்கள். மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்த தாய்மாமனிடம் மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. மாலையோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் போய் யார் சொல்வது? அவன் அன்றைக்கே மாலையும் உருமாலுமாகத் தான் நடந்து வருகிற வீடியோவை ஒடிசா ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அதில் பக்கத்தில் பட்டுப் பாவாடையில், தலை நிறையப் பூவோடு இவள் நிற்கிறாள். ஊரில் என் பெருமையைப் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பான். அந்த மடையனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது அவள் அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். “ஊர்லருந்து பெரியவரு போன் பண்ணிட்டாருங்க” என்றாள்.

அவர்கள் பக்கம் புதுநெல் பண்டிகை பெரிய விசேஷம். எங்கிருந்தாலும் ஊருக்குப் போயே ஆக வேண்டும். அந்த வருஷம் பண்டிகைக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி அண்ணன் உத்தரவு போட்டார். அப்பன்காரன் தறிச் சத்தத்திலேயே இருந்து காது மந்தமானவன், அண்ணன் குரல் மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்கும். அம்மா என்னிடம் வந்தாள். “பரீச்சை இருக்குதுன்னு சொல்லிப் புள்ளைய உங்க ஊட்டுல உட்டுட்டுப் போறேனுங்க. வெச்சுக்குவீங்களா?” நான் வைத்துக்கொள்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார். “அந்தப் புள்ள மேல எனக்குப் பாசம் இல்லைன்னு நெனைக்காத. ஆனா நாளைக்கு அதோட பெரியப்பன் வந்து, பாய் வூட்டுல எங்க பொண்ண அடைச்சு வெச்சுக்கிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னான்னு வையி. இருக்கற காலத்துல அது எங்க போயி நிக்கும்? எவனோ ஒருத்தன் போன்ல எழுதி உட்டாப் போதும்.” நான் சண்டை போட்டேன். கரண்டியை வீசினேன். அவர் சொன்னது தப்பில்லை என்பதால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவிடம் போய்ப் பேசினேன். வயிற்றை உள்ளிழுக்கிற அதே அம்மாள். ‘என் வீட்டில் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், யார் வந்து கேட்கிறார்கள் பார்க்கலாம்’ என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

எல்லாம் பேசி முடித்தோம். பெண்ணிடம் மட்டும் ஒருவரும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அப்பனிடம் போய்க் கத்திவிடுவாள், காரியம் கெட்டுவிடும் என்று அம்மா பயந்தாள். கிளம்புகிற நாளில் அவளைப் பரீச்சைக்கு இருக்கச் சொன்னதும் அவள் தரையில் புரண்டாள். பிறந்ததிலிருந்து ஊரையே பார்த்ததில்லை. ரெண்டு நாள் ரயில் பயணம், பண்டிகை, புதுச் சட்டை, போட்டோவில் மட்டும் பார்த்த சித்தப்பா பிள்ளைகள். “எல்லாரும் போறாங்க, நான் மட்டும் இங்க கணக்குப் போட்டுட்டு இருக்கோணுமா?” அப்பன் உருகிவிட்டான். அம்மா என்னைப் பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் நான் என்ன சொல்ல முடியும்? “மாமி, வரும்போது உங்களுக்கு அங்கிருந்து சேலை கொண்டாரேன்” என்று ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிக் கத்திக்கொண்டே போனாள்.

பண்டிகை முடிந்து புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் திரும்பி வந்தார்கள். அவள் பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள் என்று அப்பன் தெருவெல்லாம் சொன்னான். அம்மா நேராக வந்து என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, “கட்டிக் குடுத்துட்டாங்க பாயம்மா” என்றாள். வாத்தியாரம்மா பிள்ளைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அங்கிருந்து யாரோ அந்த ஊருக்குப் போய்ப் பார்த்ததாகப் பதில் வந்தது. பெண் உறவுக்காரர் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறாளாம், கல்யாணமே நடக்கவில்லையாம். அத்தோடு சரி.

கொஞ்ச நாளில் எனக்கு ஒரு போன் வந்தது. “மாமி, நல்லா இருக்கீங்களா?” எனக்கு உயிரே வந்தது போலிருந்தது. அவள் கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நான் சிரிச்சுட்டே பேசுவேனுங், நீங்க பதறாதீங்க. பக்கத்துல மாமியாக்காரி உக்காந்திருக்குது. அதுக்கு ஒரு எழவும் புரியாது. உங்க சத்தம் வெளிய கேக்குது, நீங்களும் சிரிங்க.” நான் சிரித்தேன். “நேத்து அடிச்சுப் போட்டாங்க மாமி. கை வீங்கிக் கெடக்குது. எனக்கு இங்க இருக்க முடியாதுங்க. அம்மாவ வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.” சமையல் குறிப்புச் சொல்கிற தொனியில் சொன்னாள். யா அல்லாஹ், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

அதற்குப் பிறகு அவள் பேசுகிற நேரத்துக்கு அம்மா என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அப்பன் போனில் பேசும்போது ஒடியாவில் எல்லாம் நலம், சாப்பிட்டேன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்பதோடு முடிந்துவிடும். அங்கே எல்லாருக்கும் கேட்குமே. என் போனில்தான் நிஜம் வரும். பிறந்த நாளிலிருந்து ஒடியாவில் மட்டுமே பேசிக்கொண்ட தாயும் மகளும் என் கடையில் தமிழில் பேசினார்கள். அம்மாவுக்குத் தமிழ் பாதிதான் வரும். “சாப்பாடு போடுதா? உம்புருசன் எப்படி?” என்று திக்கித் திக்கிக் கேட்பாள். மகள் கொஞ்சுகிற மாதிரி பதில் சொல்வாள், மாமியாரைச் சிரித்த முகத்தோடு எங்கள் தெருக் கெட்ட வார்த்தை எல்லாம் போட்டுத் திட்டுவாள். அந்த வார்த்தைகளுக்கு நாங்கள் ரெண்டு பேரும் உண்மையாகவே சிரித்துவிடுவோம். வர்ற மாசம் நானே வந்து கூட்டிட்டு வாரேன், அதுவரைக்கும் பொறுத்துக்க சாமி என்று அம்மா சொன்னாள். புருஷனுக்குத் தெரியாமல் கிளம்புவதென்று எங்களுக்குள் பேசி வைத்தோம். எந்தக் கிழமை, எந்த ரயில், ஊருக்கு வெளியே எந்த இடத்தில் அவள் வந்து நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தமிழில்தான் சொன்னோம்.

அந்த ஊர்க்காரர்களில் பாதிப்பேர் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? திருப்பூர், பள்ளிபாளையம், எங்கள் ஊர். இது எனக்குத் தெரியாதா? வாடகை வாங்கி அவர்கள் கையில்தானே நான் சோறு தின்கிறேன்? அம்மாவுக்குத் தெரியாதா? எங்கள் மூன்று பேருக்குமே அது தோன்றவில்லை. மகளைக் கட்டியவனுடைய சித்தப்பா மகன் ஒருவன் திருப்பூரில் வருஷக்கணக்கில் பனியன் கம்பெனியில் இருந்தவன். லீவுக்கு வந்து உள் அறையில் படுத்திருந்தான். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு எழுந்து வந்து எல்லாரிடமும் சொல்லிவிட்டான். கடைசியாக எங்களுக்குக் கேட்டது அவள் சிரிப்பு பாதியில் நின்றது மட்டும்தான்.

அம்மா அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். புருஷன் வழியில் நின்று கத்தினான். அவனைத் தள்ளிவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர்தான் சேலம் ஜங்ஷன் வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டு வந்தார். நான் நாளெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிளவுஸுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் மாற்றித் தைத்தேன்.

அவள் தனியாகத்தான் திரும்பி வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. தானாகவே சொன்னாள். மகளுக்கு அடிபட்டதாகத் தெரியவில்லையாம். நல்ல சேலை கட்டி, முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாளாம். எல்லார் முன்னாலும் ஒடியாவில், நல்லா இருக்கேன், நீ எதுக்கு வந்தே, கிளம்பு என்றாளாம். சரி, ஆட்கள் இருப்பதால் அப்படிச் சொல்கிறாள் என்று இவள் காத்திருந்திருக்கிறாள். மறுநாள் விடியும் நேரத்தில் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது ரெண்டு பேர் மட்டும். சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை.

“நான் தமிழ்ல கேட்டனுங்க பாயம்மா. ஏஞ்சாமி, இப்பிடியே போயிரலாமா, ரோடு பக்கத்துலதான் இருக்குதுன்னு கேட்டேன். அது கொடத்த எடுத்து இடுப்புல வெச்சுது. என்ற மூஞ்சியப் பாக்கவே இல்ல. எங்க பாஷையில சொல்லுச்சுங்க, ‘நீ பேசறது என்ன பாஷைம்மா, எனக்கு ஒண்ணும் புரியல’ன்னு.”